ஆயிரத்து நூற்று எண்பத்தாறு வசவுகளுக்கு உரியவர்

குடைக்காரர் வாழ்நாளில் ஒரு குடைகூட விற்றதில்லை. பேருந்து நிலையத்தில், பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களை வாங்கி வைக்கும் அறையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தார். மனிதர்கள் மறந்து விடுவதில் பாதிக்கு மேல் குடைதான் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மனைவிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். குடை தவிர மூக்குக் கண்ணாடிகள், பல்செட்டுகள், ஒற்றைச் செருப்புகள் எல்லாம் அவர் கைக்கு வந்திருக்கின்றன. ஒருமுறை ஒரு கல்யாண ஆல்பம் வந்தது. அதற்கு உரிய இருவரும் தனித்தனி நாளில் வந்து, அது தங்களுடையது இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கடவுளுக்குப் பயந்தவர். எந்தப் பொருளுக்குச் சீட்டுக் கட்டினாலும், ‘இதைத் தேடுற மனசுக்கு அமைதி குடு’ என்று உதட்டுக்குள் ஒரு வரி சொல்லிக்கொள்வார். விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. அதனால் அதை யாரும் ரத்து செய்யவும் இல்லை.

ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தபோது அவரைக் கருத்து உடைமைத் துறைக்கு மாற்றினார்கள்.

அந்தத் துறை பிறந்த கதை சிறியது. கைபேசியில் ஊரே எழுதிக்கொண்டிருந்த காலம். சொந்தப் பெயரில் எழுதியவர்கள் கொஞ்சம். ‘உண்மைவிளம்பி’, ‘தனிமைப்புலி’, ‘நிலாவின் நண்பன்’ என்று எழுதியவர்கள் மிச்சம் எல்லாரும். அதில் கிளிப் படம் போட்டுக்கொண்ட ஒருவர் ஓர் அமைச்சரைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினார். வாக்கியம் ஐந்து சொல். அதற்குப் பிறந்த துறை நான்கு மாடி. ‘ஊரில் எந்தக் கருத்தும் அநாதையாக இருக்கக் கூடாது’ என்று வாசலில் கல்லில் வெட்டி வைத்தார்கள். கல்லில் வெட்டச் சொன்னவர் யார் என்று மட்டும் எந்தக் கோப்பிலும் இல்லை.

கட்டடம் எழும்பிவிட்டது, சட்டமும் வந்துவிட்டது. உரியவர் தெரியாத கருத்தை என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் ஒரு புத்திசாலி, உரியவர் தெரியாத பொருளுக்கு அரசிடம் ஏற்கெனவே விதிப்புத்தகம் இருப்பதைக் கண்டுபிடித்தார். பேருந்து நிலையத்தின் அறுபத்தொரு பக்கப் புத்தகம். அதில் ‘பொருள்’ என்று வரும் இடத்திலெல்லாம் ‘கருத்து’ என்று மாற்றி அச்சடித்தார்கள். ஒரே மாலையில் வேலை முடிந்துவிட்டது. ‘ஈரமான கருத்துகளை விரித்துக் காயவைத்த பிறகே அலமாரியில் வைக்க வேண்டும்’ என்று ஆறாம் விதி சொன்னது. ‘கூர்மையான கருத்துகளைத் துணியில் சுற்றி வைக்கவும்’ என்றது ஒன்பதாம் விதி. புத்தகத்தோடு, புத்தகம் தெரிந்த ஆளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்படி வந்து சேர்ந்தவர்தான் குடைக்காரர்.

முதல் நாள் இயக்குநர் அவரைத் தன் அறைக்கு அழைத்துப் பேசினார். இயக்குநர் ஒருவரிடம் பேசினாலும் ஆயிரம் பேரிடம் பேசுவது போலத்தான் பேசுவார்.

“இங்க கருத்துச் சுதந்திரம் முழுசா இருக்கு. யார் வேணா என்ன வேணா சொல்லலாம். யார் சொன்னதுன்னு கேக்குறது மட்டும்தான் நம்ம வேலை. தெரிஞ்சப்புறம் என்ன ஆகும்னு கேட்டீங்கன்னா, அது வேற துறை. அந்தக் கட்டடத்துக்கு ஜன்னல் கிடையாது, அதனால எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“சரிங்க,” என்றார் குடைக்காரர்.

“உங்களுக்கு இதப் பத்தி எதாவது கருத்து இருக்கா?”

“இல்லீங்க.”

“ரொம்ப நல்லது. அப்படிப்பட்டவங்கதான் இங்க வேணும்.”

வேலை கடினமானதில்லை. யார் எழுதியதென்று தெரியாத பதிவுகளை ஒவ்வொன்றாக அச்சடித்து, துளைபோட்டு, நூலில் எண்சீட்டுக் கட்டி அலமாரியில் வைக்க வேண்டும். தொண்ணூறு நாள் காத்திருக்க வேண்டும். உரியவர் வந்து அடையாளம் சொன்னால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட வேண்டும். மூன்றாம் மாடி முழுக்க அலமாரி. வசவுகள் வடக்குச் சுவர் ஓரம், வதந்திகள் தெற்கில், நடுவில் இரண்டு தட்டு மட்டும் நகைச்சுவை.

உரிமை கேட்டு ஜனங்கள் வந்தது முதலில் அந்த நகைச்சுவைத் தட்டுக்குத்தான். யாரோ ஒருவர், ‘எங்க தெரு ரோட்டுல குழி இருக்குன்னு சொல்றது பொய். குழிக்கு நடுவுல அங்கங்க ரோடு இருக்கு’ என்று எழுதியிருந்தார். ஊர் முழுக்கச் சிரித்தது. ஒரே வாரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், அதை எழுதியது தாங்கள்தான் என்று சான்றுகளோடு வரிசையில் நின்றார்கள். இயக்குநரின் மச்சானும் அதில் ஒருவர். குடைக்காரர் பழைய வழக்கப்படி அடையாளம் கேட்டார்.

“எழுதும்போது எங்க இருந்தீங்க?”

“குழியிலதான் இருந்தேன்,” என்றார் மச்சான்.

பத்து நாள் கழித்துச் சாலைத் துறை அந்தப் பதிவின்மேல் வழக்குப் போட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் மறுபடி வரிசையில் நின்றார்கள். ‘பார்ப்பதற்கு என்னுடையது போலவே இருந்ததால் ஏமாந்துவிட்டேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கல்யாண ஆல்பத்தைப் பார்த்திருந்த குடைக்காரருக்கு இது புதிதாகத் தெரியவில்லை.

வசவுத் தட்டுப் பக்கம் ஈ, காக்கைகூட வரவில்லை. கெட்ட வார்த்தைக்கு யார் வந்து கையெழுத்துப் போடுவார்கள்? உரியவர்கள் பார்க்கட்டும் என்று வசவுகளைக் கீழ்த்தளத்து அறிவிப்புப் பலகையில் வாரம் ஐம்பது வீதம் ஒட்டினார்கள். பக்கத்து அலுவலகங்களிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் வந்து படித்தது. படித்தவர்கள் படம் பிடித்துக் கைபேசியில் பரப்பினார்கள். பரப்பியவர்கள் சொந்தப் பெயரில் பரப்பவில்லை. ஆகவே ஒட்டிய ஐம்பதும் ஐந்நூறாகத் திரும்பி வந்தன. வடக்குச் சுவரில் இடம் போதாமல் வசவுகள் கிழக்குச் சுவருக்கும் நகர்ந்தன. அந்த வருஷ அறிக்கையில் இயக்குநர் இதை ‘கையிருப்பில் பத்து மடங்கு வளர்ச்சி’ என்று குறிப்பிட்டார்.

வினை பதினான்காம் விதியில் இருந்தது. ‘கருத்தின் மீது எவருடைய பெயரேனும் எழுதப்பட்டிருந்தால், அப்பெயருக்குரியவரே அதற்கு உரியவர். அதை அவருடைய முகவரியில் சேர்க்க வேண்டும்.’ குடையின் கைப்பிடியில் பெயர் செதுக்கியிருந்தால் அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது நியாயம்தான். ஆனால் வசவின் மேல் இருப்பது யார் பெயர்? திட்டு வாங்கியவருடைய பெயர்.

இதைக் குடைக்காரர் மேற்பார்வையாளரம்மாவிடம் எடுத்துச் சொன்னார். மூன்றாம் மாடிக்கு அவர்தான் அதிகாரி. நன்றாகப் படித்தவர், தெளிவாகப் பேசுபவர். கோப்பின் ஓரம் மேசையின் ஓரத்தோடு ஒட்டி நிற்காவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும்.

“அம்மா, இது திட்டினவங்களோடது. திட்டு வாங்கினவங்க வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்தா எப்படிம்மா?”

“மேல யார் பேர் இருக்கு?”

“அவங்க பேர்தான் இருக்கு. ஆனா...”

“விதியில ‘ஆனா’ இருக்கா?”

குடைக்காரர் அறுபத்தொரு பக்கத்தையும் மனப்பாடமாக அறிந்தவர். “இல்லீங்க,” என்றார்.

அப்படித்தான் வேன்காரம்மாவின் கட்டு அவர் கைக்கு வந்தது.

வேன்காரம்மா, டயாலிசிஸ் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் வேனை ஓட்டுபவர். வாரம் மூன்று நாள், ஆறு பேர். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில், பெரிய பாலத்தின் நடுவில் வேனை நிறுத்திவிட்டார். உள்ளே ஒருவருக்கு மயக்கம் வந்து கண் மேலே செருகிவிட்டது. வேனைக் குறுக்கே நிறுத்தி, கதவைத் திறந்து போட்டு, அவரை உள்ளேயே தரையில் கிடத்தி, பின்னால் வந்த கார்களைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். பதினொரு நிமிஷம். அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் பதினொரு நிமிஷம் தாமதமான யாரோ ஒருவர், கைகூப்பி நின்ற பெண்ணை மட்டும் படம் பிடித்துப் போட்டுவிட்டார். உள்ளே கிடந்தவர் படத்தில் இல்லை. பொம்பளைக்கு எதுக்கு ஸ்டியரிங் என்று ஆரம்பித்து, ஊர் தன் வாயைக் கழுவிக்கொண்டது. அதில் யார் எழுதியதென்று தெரியாதவை ஆயிரத்து நூற்று எண்பத்தாறு. எல்லாவற்றிலும் வேனின் பக்கவாட்டில் ஓட்டுநர் என்று எழுதியிருந்த அவருடைய பெயர் இருந்தது.

இரண்டு கட்டு. ஏழு கிலோ. ஒவ்வொரு தாளிலும் துறையின் முத்திரை, மேற்பார்வையாளரம்மாவின் கையெழுத்து. ‘உங்களுக்குரிய கீழ்க்கண்ட கருத்துகளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று ஒப்புகைச் சீட்டு. குடைக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மதியம் ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியின் பக்கவாசலில் போய் நின்றார்.

வேன் நிழலில் நின்றிருந்தது. அவர் எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள் வேன்காரம்மாவே பார்த்துவிட்டார்.

“யாருக்காகக் காத்திருக்கீங்க? வெயில்ல நிக்காதீங்க. வந்து உள்ள உக்காருங்க.”

“இல்லம்மா, நான்...”

“பைய இப்படி வைங்க. தோள் எறங்கிப் போச்சு பாருங்க. தண்ணி குடிங்க முதல்ல.”

குடித்தார். மூச்சு வாங்கியது அடங்குவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆறு பேரும் ஒவ்வொருவராக வந்தார்கள். வெளுத்த முகம், கையில் பஞ்சும் பிளாஸ்திரியும். “அந்தத் தையல்கார அண்ணனக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா? நாலு மணி நேரம் மெஷின்ல இருந்துட்டு வர்றாரு,” என்றார் வேன்காரம்மா. குடைக்காரர் ஓடிப்போய்ப் பிடித்தார். பாலத்தில் மயங்கி விழுந்தவர் அந்தத் தையல்காரர்தான்.

தையல்காரர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டே பையின் மேலிருந்த முத்திரையைப் பார்த்தார். குரலை இறக்கினார்.

“சார், பாலம் விஷயமா?”

குடைக்காரர் தலையை ஆட்டினார்.

“அதுக்கு ஒண்ணும் தெரியாது சார். அதுகிட்ட இருக்கிறது பட்டன் போன். நாங்க ஆறு பேரும் பேசி வெச்சிருக்கோம், வேன்ல யாரும் போன எடுக்கிறதில்ல. அது இதப் படிச்சு, சாவிய ஓனர்கிட்டக் குடுத்துட்டுப் போயிட்டா எங்கள யாரு சார் ஏத்திட்டு வருவா? ஆட்டோக்காரன் எங்கள ஏத்தவே பயப்படுறான், வண்டியிலயே போயிடுவோம்னு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “அதுவும் ஒரு வகையில நியாயம்தான்.”

குடைக்காரர் பையைத் திறக்காமலே திரும்பி வந்தார். விநியோகப் படிவத்தில் ‘உரியவர் இடத்தில் இல்லை’ என்று எழுதினார். படுக்கும்முன் கண்ணை மூடி உட்கார்ந்தபோது கடவுளிடம் அதைச் சொன்னார். பொய்தான் எழுதினேன் என்றார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்து, முழுப் பொய் இல்லை, எழுதினவன் எவனும் அங்கே இல்லையே என்றார்.

இரண்டாம் முறை போனபோது நோயாளி ஒருவரின் சக்கர நாற்காலியை மடித்து உள்ளே ஏற்ற உதவினார். வேன்காரம்மா பையையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். “இன்னைக்கும் அதே கனமா?” என்று மட்டும் கேட்டார். மறுபடியும் ‘உரியவர் இடத்தில் இல்லை’.

மேற்பார்வையாளரம்மா கூப்பிட்டனுப்பினார்.

“மூணாவது தடவையும் திரும்பி வந்தா என்ன ஆகும் தெரியுமா?”

“விதி இருபத்தொண்ணு. பாதுகாக்குறவருக்கே உரியதாயிடும்.”

பேருந்து நிலையத்தில் அது ஒரு நல்ல விதி. யாரும் வாங்காத குடையை நனைந்துகொண்டு வீட்டுக்குப் போகும் காவலரே எடுத்துக்கொள்ளலாம்.

“அப்படின்னா அர்த்தம் புரியுதா? ஆயிரத்து நூத்தி எண்பத்தாறும் நீங்க எழுதினதா ஆயிடும். பதிவேட்டுல உங்க பேரு. பலகையில உங்க படம். பேசாம ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அந்தம்மா படிச்சா என்ன, படிக்காட்டி என்ன. நமக்குக் கையெழுத்துதான் வேணும்.”

“படிப்பாங்கம்மா. தன் பேரு போட்டிருந்தா யாரா இருந்தாலும் படிப்பாங்க.”

“அது அவங்க சுதந்திரம்,” என்றார் மேற்பார்வையாளரம்மா.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தவள், மடிப்பதை நிறுத்தவில்லை.

“ஒழுங்கா ஒரு திட்டு திட்டத் தெரியுமா உங்களுக்கு? முப்பது வருஷத்துல என்னைய அதிகபட்சம் ‘போடி அந்தப் பக்கம்’னு சொல்லியிருக்கீங்க. அதுக்கும் பத்து நிமிஷம் கழிச்சு வந்து மன்னிப்புக் கேட்டீங்க. ஆயிரம் வசவு எழுதினவர்னா எவ நம்புவா?”

“எல்லாரும் நம்புவாங்க. அதான் பயமா இருக்கு.”

அவள் இரண்டு துண்டுகளை மடித்து முடித்தாள். “அந்தம்மா தண்ணி குடுத்தாங்கன்னு சொன்னீங்கள்ல?”

“குடுத்தாங்க.”

“அப்புறம் என்ன. போங்க.”

மூன்றாம் முறை அவர் பையை எடுத்துக்கொண்டு போனது வெறும் கடமைக்கு. போய், தையல்காரரின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, வந்து, படிவத்தை நிரப்பினார். பதிவேட்டைத் திறந்து ஆயிரத்து நூற்று எண்பத்தாறு வரிகளுக்கும் நேரே தன் பெயரை எழுதினார். ஒன்றரை நாள் ஆனது. எழுதும்போது ஒவ்வொன்றையும் படித்தாக வேண்டியிருந்தது. சிலவற்றுக்கு அவருக்குப் பொருள் புரியவில்லை. புரியாமல் இருந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

துறை தொடங்கியதிலிருந்து அகப்பட்ட முதல் உரிமையாளர் அவர்தான். இயக்குநர் அரங்கம் எடுத்து விழா வைத்தார். மேடையில் குடைக்காரருக்குத் தனி நாற்காலி போட்டு ‘உரிமையாளர்’ என்று அட்டை வைத்தார்கள். அவரை ஒரு வருஷத்துக்கு மேலாகத் தினமும் பார்த்து வந்த ஊழியர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, இவரா இப்படி என்று வியந்தார்கள். அவர் எழுதியிருக்க முடியாது என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் பதிவேட்டில் இருந்தது.

“மறைந்திருந்து எழுதுகிறவன் கோழை,” என்று இயக்குநர் முழங்கினார். “அவனுடைய வேதனை எனக்குப் புரியாமல் இல்லை. நானே மதிய வேளையில் வேறு ஒரு பெயரில் நாலு வார்த்தை எழுதி மனத்தை லேசாக்கிக்கொள்கிற சாதாரண மனிதன்தான். என் ஊழியர்களும் அப்படியே. சொந்தப் பெயரில் எழுதினால் பதவிக்கு என்ன மரியாதை? ஆனால் நாங்கள் எழுதுவது அலுவலக இணைப்பில், அலுவலக நேரத்தில், வெளிப்படையாக. அதற்கும் இதற்கும் இருக்கிற வேறுபாட்டை நீங்கள் உணர வேண்டும்.”

அரங்கம் உணர்ந்து கைதட்டியது. கூட்டம் கலைவதற்கு முன்பே குடைக்காரரின் படம் கைபேசிகளில் பறந்தது. மாலைக்குள் அவரைப் பற்றி இரண்டாயிரம் வசவு வந்து சேர்ந்தது. ஒன்றுக்கும் உரியவர் தெரியவில்லை.

பலகையில் படம், ஊரில் பேச்சு, கடையில் திரும்பிக்கொண்ட முகங்கள். எல்லாவற்றையும் அவர் தாங்கிக்கொண்டார். வேன்காரம்மாவின் வாசலுக்கு அந்தக் கட்டு போகாது என்ற ஒரே நிம்மதி அதற்குப் போதுமானதாக இருந்தது. அந்த நிம்மதி பன்னிரண்டு நாள் நீடித்தது. பதின்மூன்றாம் நாள் மேற்பார்வையாளரம்மா புதிய ஆணையைக் காட்டினார். உரிமையாளர், பாதிக்கப்பட்டவரை நேரில் கண்டு, அதிகாரியின் முன்னிலையில் ஒவ்வொரு கருத்துக்கும் தனித்தனியே மன்னிப்புக் கேட்க வேண்டும். எதற்கு மன்னிப்பு என்று பாதிக்கப்பட்டவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

குடைக்காரர் ஆணையை வாங்கி இரண்டு முறை படித்தார். “அம்மா, எத வேணா செய்ங்க. வாசிக்க மட்டும் வேணாம். அதுக்காகத்தான் நான் பேரே போட்டேன்.”

“வாசிக்காம எப்படி மன்னிப்பாங்க? விவரம் தெரியாத மன்னிப்பு செல்லாது.”

மறுநாள் காலை ஐந்து இருபதுக்கு இருவரும் வேன் நிறுத்தும் கொட்டகைக்குப் போனார்கள். குடைக்காரர் வழியெல்லாம் வாய்க்குள் பிரார்த்தனை செய்துகொண்டே வந்தார். வேன்காரம்மா ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளரம்மா ஆணையை நின்ற இடத்திலிருந்தே படித்தார். படித்து முடித்து, “உங்களுக்கு விஷயம் தெரியாதுன்னு துறைக்குத் தெரியும். அதனால முதல்ல தெரியப்படுத்துறோம்,” என்றார்.

“தெரியும்,” என்றார் வேன்காரம்மா.

“என்ன தெரியும்?”

“பாலத்துல நின்னதுக்கு ஊரே திட்டினது. அன்னைக்கு சாயந்தரமே பெட்ரோல் பங்க்ல ஒரு ஆளு வேன நிறுத்தச் சொல்லிப் போன்ல காட்டினாரு. ஒரு ராத்திரி அழுதேன். ஒரு நாள் விட்டு மறுநாள் டயாலிசிஸ் இருந்துச்சு.” ரேடியேட்டர் மூடியைத் திருகினார். குடைக்காரரைப் பார்த்தார். “நீங்க மூணு தடவ வந்தீங்கள்ல, பையில என்னன்னு முதல் நாளே தெரியும். முத்திரை போட்டிருந்துச்சே. தெறக்காமத் தூக்கிட்டுப் போனீங்க. எனக்காக ஒரு மனுஷன் ஏழு கிலோ சொமந்தாரேன்னு வீட்டுல சொல்லிட்டு இருந்தேன்.”

இத்தனையும் எதற்காக என்று குடைக்காரருக்கு ஒரு கணம் தோன்றியது. மறுகணம், அந்த எண்ணம் அவருக்கே வெட்கமாக இருந்தது.

“தையல்கார அண்ணன் உங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னாரும்மா.”

“அவங்க அப்படித்தான் நெனச்சிட்டிருக்காங்க. ஆறு பேரும் போன பையில போட்டுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு வருவாங்க. அவங்களால யாருக்கும் ஒண்ணும் செய்ய முடியலன்னு ரொம்ப நாளாக் கவலை. இப்ப எனக்கு ஒண்ணு செய்யறோம்னு சந்தோஷம். அதக் கெடுத்துராதீங்க.” பிறகு மேற்பார்வையாளரம்மாவிடம், “ஆறு மணிக்கு நான் கெளம்பணும் மேடம். அவங்க முன்னாடி இத வாசிக்கக் கூடாது. எத்தன இருக்கு?”

“ஆயிரத்து நூற்று எண்பத்தாறு.”

“நாப்பது நிமிஷம் இருக்கு.”

மேற்பார்வையாளரம்மா கணக்குப் போட்டார். ஒன்றுக்கு இரண்டு வினாடி. மேலும், அதிகாரிகள் பணி நேரத்தில் தகாத சொற்களை உச்சரிக்கக் கூடாது என்று துறையில் தனி உத்தரவு இருந்தது. ஆகவே சொல்லை விட்டுவிட்டு வகையை மட்டும் வாசிப்பது என்று முடிவு செய்தார். கொட்டகையின் குழல்விளக்குக்குக் கீழே நின்று, கோப்பை நெஞ்சுயரத்தில் பிடித்துக்கொண்டார்.

“எண் ஒன்று. தகாத சொல்.”

“மன்னிச்சிருங்கம்மா,” என்றார் குடைக்காரர்.

“ஆச்சு,” என்றார் வேன்காரம்மா. துணியை நனைத்து முன்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

“எண் இரண்டு. அதே. எண் மூன்று. அதே, தாயாரையும் சேர்த்து. எண் நான்கு. நடத்தை குறித்து.”

“மன்னிச்சிருங்கம்மா.”

“ஆச்சு. அந்த வாளியக் கொஞ்சம் தள்ளுங்க.”

இப்படியே போனது. நூறு தாண்டியதும் மூவருக்கும் ஒரு தாளம் பிடிபட்டுவிட்டது. முன்கண்ணாடி முடிந்து பக்கக் கண்ணாடிகள் முடிந்தன. மேற்பார்வையாளரம்மாவின் குரல் அளவெடுத்தது போல, ஏறாமல் இறங்காமல் வந்துகொண்டிருந்தது.

“இருநூற்றுப் பத்து. தகாத சொல். இருநூற்றுப் பதினொன்று. அதே.”

தாளைப் புரட்டினார். குரல் நின்றது.

குடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு அவருக்கு நினைவிருந்தது. பதிவேட்டில் பெயர் எழுதியபோது, அந்த ஒரு வரியில்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். அதில் தகாத சொல் ஒன்றுகூடக் கிடையாது. நன்றாகப் படித்தவர் எழுதிய, ஒரு பிழை இல்லாத வாக்கியம். ‘உள்ளே இருப்பவர்கள் எப்படியும் நாளையோ மறுநாளோ போகப்போகிறவர்கள். அவர்களுக்காக உயிரோடு இருக்கிறவர்களை நிறுத்திவைப்பது என்ன நியாயம்?’

தாளின் ஓரத்தை மேற்பார்வையாளரம்மாவின் கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருந்தது. ஓரம் மடங்கியது. அவர் அதை நேராக்கவில்லை.

“இருநூற்றுப் பதின்மூன்று,” என்றார். “அதே.”

வேன்காரம்மா துணியைப் பிழிந்தார். “ஒண்ணு விட்டுட்டீங்க மேடம்.”

“எது?”

“இருநூத்திப் பன்னெண்டு.”

“அது சரியா அச்சாகல. படிக்க முடியல.”

அச்சு முத்து முத்தாக இருந்தது. அதற்குத் துளைபோட்டு நூல் கட்டியவர் குடைக்காரர். அவர் வாயைத் திறந்தார். மேற்பார்வையாளரம்மாவின் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

வேன்காரம்மா அந்த அம்மாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மெஷினிலிருந்து இறங்கி வருகிறவர்களின் முகத்தை வாரம் மூன்று நாள் பார்க்கிறவர் அவர். யாரிடம் எதைக் கேட்கக் கூடாது என்பது தெரியும்.

“பரவால்ல மேடம். படிக்க முடியாட்டியும் ஆச்சுன்னு போட்டுக்குங்க. அத எழுதினவங்களுக்கும் சேத்துத்தான்.”

மேற்பார்வையாளரம்மா பேனாவை எடுத்தார். படிவத்தில் இரண்டு கட்டம் இருந்தது. ஒன்றில் ‘மன்னிக்கப்பட்டது’ என்று எழுத வேண்டும். மற்றொன்று ‘எழுதியவர் பெயர்’. அதில் குடைக்காரரின் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அந்தப் பெயரை அவர் வெகுநேரம் பார்த்தார். பேனாவின் முனை அதன்மேல் வந்து நின்றது. எழுதுவதற்கு வேறு ஒரு பெயர் அவருக்குத் தெரியும் என்பது, அந்தக் கொட்டகையில் மூன்று பேருக்கும் தெரிந்துதான் இருந்தது.

பேனா நகர்ந்து, முதல் கட்டத்தில் மட்டும் எழுதியது.

குடைக்காரர் மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து, தூசியைக் கையால் தட்டி, அவருக்குப் பக்கத்தில் வைத்தார். “உக்காந்து வாசிங்கம்மா. ரொம்ப நேரமா நிக்கிறீங்க.”

மேற்பார்வையாளரம்மா உட்கார்ந்தார். மடங்கிய தாளைப் புரட்டினார்.

“இருநூற்றுப் பதினான்கு,” என்றார். “அதே.”